அருளுக்கு வாங்கித் தராத டீ

கழுத்தில் புது விசில் மாட்டிக்கொண்டு நம்ம ஃபுட்பால் கிளப்புக்குக் கோச்சுகளாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க அனுபவத்தைப் பத்தி" என்றார்கள். அங்கேதான் சிக்கல். என் அனுபவத்தில் பெரும்பகுதி பயம். பதினோரு பேர் உள்ளே ஓடும்போது, கோட்டுக்கு வெளியே சும்மா நின்றுகொண்டு அவர்களைவிட அதிகமாக வேர்த்தவன் நான். ஆட்டம் முடிந்ததும் துவைக்கப் போகும் மூட்டையில் என் சட்டைதான் அடியில் கிடக்கும், அதிகக் கனமாக.

எந்த ஆளை எங்கே நிறுத்துவது, எப்போது முன்னால் ஏறுவது என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டே சொல்லிவிடும். அது என்னைப் போல நடுங்காது, தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் குடிக்காது. அதற்குத் தெரியாத ஒரே ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒருத்தனைப் பார்த்து "இன்னைக்கு நீ ஆடலை" என்று சொல்வது.

நான் பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரன். பெயர் தயாளன், கிரவுண்டில் தயா. இந்த கிளப்புக்குத்தான் ரொம்ப வருஷம் ஸ்டாப்பர் ஆடினேன். ஸ்டாப்பர் என்றால், கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறித்து, பந்தைத் தூர உதைத்து, மிச்ச நேரத்தில் மற்ற எல்லாரையும் திட்டுகிறவன். கடைசி வேலையில் மாநிலத்திலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை. முழங்கால் போனதும் நம்ம தலைவர் என்னைக் கூப்பிட்டார். தலைவரை உங்களுக்குத் தெரியும், ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். "தயா, மைக் இல்லாமலே கிரவுண்டு முழுக்கக் கேக்கிற மாதிரி பேசறவன் நீ ஒருத்தன்தான். மேனேஜர் ஆயிடு" என்றார். அதுதான் என் தகுதித் தேர்வு.

மேனேஜர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் பார்த்த இங்கிலீஷ் கிளப் மேனேஜர்கள். நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, தாடையில் கை வைத்து, ஏதோ பெரிதாக யோசிக்கிற மாதிரி நிற்பார்கள். என்னிடம் இருந்த ஒரே கோட்டு என் கல்யாண ரிசப்ஷன் கோட்டு. பொத்தான் எட்டவில்லை. பரவாயில்லை என்று திறந்தே போட்டுக்கொண்டு, பெங்களூர் மத்தியான வெயிலில், தாடையில் கை வைத்து நின்றேன். யோசனை எதுவும் வரவில்லை. வேர்வைதான் வந்தது.

இப்போது டீக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் இருந்த மேனேஜருக்கு ஒரு பழக்கம். நாளைக்கு யாரை ஆட விடாமல் பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறாரோ, முந்தின நாள் பிராக்டீஸ் முடிந்ததும் அவன் தோளில் கை போட்டு, "வா, டீ சாப்பிடலாம்" என்பார். கிரவுண்டுக்கு எதிரே இருக்கும் கடைக்குக் கூட்டிப் போவார். கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொல்வார். அதனால் எங்கள் கிளப்பில் அந்த மனிதர் டீ என்று வாயைத் திறந்தாலே ஆட்கள் ஓடுவார்கள். "வேணாம் சார், இப்பதான் குடிச்சேன்." "வேணாம் சார், அல்சர்." ஒருத்தன் விரதம் என்றே சொல்லியிருக்கிறான், நம்ம ஆஸ்டின் டவுன் சர்ச் கொயரில் பாடுகிற பையன். எந்தச் சாக்கும் அவரிடம் செல்லாது. குடிக்க வைத்துத்தான் விடுவார்.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் மேனேஜர் தன் கையாலேயே ஒவ்வொருத்தருக்கும் ஜெர்சி கொடுப்பார். இதுவும் நம்ம கிளப் வழக்கம், நீங்களும் செய்யப் போகிறீர்கள். அந்த நேரத்தில் அறையில் யாரும் அதிர்ந்து போனதாக எனக்கு நினைவில்லை. அதிர வேண்டியவன் முந்தின நாளே டீக்கடையில் அதிர்ந்து முடித்திருப்பான்.

நான் மேனேஜர் ஆன முதல் சீசன் கடைசி ஆட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. டிரா செய்தால் மேல் டிவிஷனில் தங்குவோம். தோற்றால் கீழே. கீழே போனால் டீமைக் கலைத்துவிட்டு ஷாமியானாவை மட்டும் பார்த்துக்கொள்வதாகத் தலைவர் சொல்லிவிட்டார். மிரட்டலுக்காகச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

எதிர் டீமில் மிசோரம் பையன் ஒருத்தன் விங்கர், ஓரக் கோட்டை ஒட்டி ஓடி வந்து தாக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலி ரோட்டில் ஆட்டோ போகிற மாதிரி போவான். அவனை நிறுத்த வேண்டிய இடத்தில் எங்களுக்கு இருந்தவன் அருள்.

அருளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், இப்போது தினமும் அவனிடம்தான் திட்டு வாங்குகிறீர்கள். ஆனால் அப்போது அவன் ஆட்டக்காரன். கேஜிஎஃப் ஆள். தாத்தா, அப்பா எல்லாம் சுரங்கத்தில் இறங்கினவர்கள். இவன் தினமும் ரயிலேறி பெங்களூர் வந்து, ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை செய்து, சாயங்காலம் எங்களோடு பிராக்டீஸ் செய்து, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மறுபடி ரயிலேறி ஊருக்குப் போகிறவன். ரயிலில் நின்றபடியே தூங்கத் தெரியும் அவனுக்கு. நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஸ்டாப்பர் ஆடினோம். நான் திட்டுவேன், அவன் தடுப்பான். அப்படி ஒரு ஒப்பந்தம். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம்.

அந்த வருஷத்தோடு ஆடுவதை நிறுத்தப் போவதாக அருள் சொல்லியிருந்தான். கடைசி ஆட்டத்துக்கு மனைவி ஸ்டெல்லாவும் மகள் ரீனாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். ரீனா அப்பா ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன்.

என் கஷ்டம் இதுதான். நேராக வருகிறவனை அருள் அப்போதும் நிறுத்துவான். ஆனால் பக்கவாட்டில் தாண்டிப் போகிறவனைத் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். திரும்பி முடிப்பதற்குள் அவன் கோல் போட்டுவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருப்பான். எங்களிடம் ஜீவனஹள்ளிப் பையன் சமீர் இருந்தான். அனுபவம் குறைவு, ஆனால் காலில் சக்கரம். மிசோ பையனுக்கு எதிராக சமீரைத்தான் இறக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள கோச்சிங் லைசென்ஸ் கோர்ஸ் எல்லாம் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

முடிவு எடுத்துவிட்டேன். டீ மட்டும்தான் பாக்கி.

முந்தின நாள் பிராக்டீஸ் முடிந்ததும் அருள் தோளில் கை போட்டேன். "வா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. "வா... இளநீர் சாப்பிடலாம்" என்று முடித்தேன்.

இளநீர் குடித்தோம். வழுக்கை வரைக்கும் சுரண்டித் தின்றோம். விஷயத்தை எடுக்க முடியவில்லை. சரி, ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது சொல்லிவிடலாம் என்று ஏற்றிக்கொண்டேன். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அல்சூர் பக்கம் எதற்குப் போனேன் என்று இன்றுவரை தெரியாது, ஸ்டேஷனுக்கு அது வழியே இல்லை, அங்கே பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன். டீ ஒன்றைத் தவிர பெங்களூரில் குடிக்கக் கிடைக்கும் எல்லாவற்றையும் அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

பாதாம் பாலைப் பாதியில் நிறுத்திவிட்டு அருள் என்னை உற்றுப் பார்த்தான்.

"இன்னாடா விஷயம்? எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? டாக்டர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே. நல்லா சாப்பிடணும் மச்சா. நாளைக்கு மேட்ச்சு."

"நாளைக்கு ரீனா வர்றாடா. போன்ல வீடியோ எடுக்கப் போறாளாம்." சிரித்தான். "ஒரு தடவையாச்சும் உன்னை மாதிரி ரெஃப்ரியைத் திட்டிக் காட்டணும்."

ஸ்டேஷனில் ரயில் வந்தது. அவன் ஏறினான். ரயில் நகர்ந்ததும் நான் அதன் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடினேன், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று. கதவில் நின்றவன் கையசைத்தான். நானும் கையசைத்தேன்.

மறுநாள் உடை மாற்றும் அறை. ஜெர்சிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ரிசப்ஷன் கோட்டில் நின்றேன். ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாம் நம்பர் வந்தது. அருள் பழக்கத்தில் ஓர் அடி முன்னால் வந்து கையை நீட்டிவிட்டான்.

நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். ஃபேனைப் பார்த்தபடியே, "சமீர், அஞ்சு" என்றேன்.

 சமீர் நகரவில்லை. ஃபேனும் அவ்வளவு மெதுவாகச் சுற்றி நான் பார்த்ததில்லை. அருள்தான் சமீரின் முதுகில் தட்டி, "வாங்கிக்கடா" என்றான். கடைசியில் மாற்று ஆளுக்கான பதினைந்தாம் நம்பரை அருளிடம் நீட்டினேன், இந்த முறை தரையைப் பார்த்துக்கொண்டு. வாங்கிக்கொண்டான். என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"ஒரு டீகூட வாங்கித் தரலியேடா."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.  வெளியே போய் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். அது மசாஜ் எண்ணெய் பாட்டில் இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

எங்கள் பெஞ்ச் என்பது தலைவர் கடைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அருள் தன் நாற்காலியை எல்லாருக்கும் தள்ளி, கடைசியாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவும் ரீனாவும். ரீனாவின் போன் முதலில் மைதானம் முழுக்கத் தேடியது. பிறகு பெஞ்சில் வந்து நின்றது. பிறகு கீழே இறங்கிவிட்டது. இதை நான் பார்த்தேன். மேனேஜருக்கு ஆட்டத்தைத் தவிர எல்லாம் தெளிவாகத் தெரியும்.

ஆட்டம் தொடங்கியது. சமீர் பிரமாதம். மிசோ பையன் எங்கே போனாலும் கூடவே போனான், கூடவே திரும்பினான். என் முடிவு சரி என்று ஒவ்வொரு நிமிடமும் நிரூபித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் படபடப்பு ஏறியது. பதற்றத்தில் நாற்காலியில் உட்காரப் போய் ஏற்கெனவே அதில் இருந்த தலைவர் மடியில் உட்கார்ந்தேன். "ஏனப்பா தயா, இது ஏனு?" என்று, இது என்னப்பா என்பதைக் கன்னடத்தில் கேட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பாதியிலும் கோல் இல்லை. டிரா என்றால் போதும். அப்போதுதான் அது நடந்தது.

எங்கள் ஆள் ஒருத்தன் பந்தைக் கோட்டைவிட்டான். மிசோ பையன் அதை எடுத்துக்கொண்டு, எங்கள் பெஞ்ச் இருக்கும் பக்கக் கோட்டை ஒட்டிப் பறந்தான். சமீர் நடுவில் மாட்டிக்கொண்டான். அந்தப் பக்கம் எங்கள் ஆள் யாருமே இல்லை. என்னைத் தவிர.

நான் மேனேஜர் என்பது என் தலைக்குத் தெரியும். என் வலது காலுக்கு யாரும் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக இப்படி ஒருத்தன் வந்தால் என்ன செய்ததோ அதையே செய்தது. கோட்டு வால் பின்னால் பறக்க, எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே சறுக்கிப் போய், பந்தை மட்டும் சுத்தமாக எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே அதைப் போல அழகான டாக்கிள் நான் போட்டதில்லை. ஆடுகிற காலத்தில் ஒன்று அப்படிப் போட்டிருந்தால் இந்தியா டீமில் எடுத்திருப்பார்கள்.

கோட்டு முதுகில் நேராகக் கிழிந்தது. மிசோ பையன் என் மேல் தடுக்கி உருண்டு, எழுந்து உட்கார்ந்து, நான் யாரென்று பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிரவுண்டே சிரித்தது. ரெஃப்ரி மட்டும் சிரிக்கவில்லை. "சார், உள்ளே இறங்கணும்னா மாத்து ஆட்டக்காரர் போர்டு காட்டிட்டு இறங்கணும்" என்று சொல்லி சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக். நான் வெளியே போக வேண்டும். என் உதவியாளன் அன்றைக்கு தங்கச்சி கல்யாணத்தில் இருந்தான். பெஞ்சில் ஆட்டம் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

அருள் நாற்காலி முன்னால் போய் நின்றேன். "நீ பாத்துக்கடா."

அவன் நிமிரவில்லை. "ஃபேனைப் பாத்து சொல்லு" என்றான். ஆனால் எழுந்தான்.

வெளியேற்றப்பட்ட மேனேஜர் நிற்க வேண்டிய இடம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம். எந்தக் கடவுள் ஏற்பாடோ, எனக்குக் கிடைத்த இடம் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில். ஃப்ரீ கிக்கை எங்கள் கோல்கீப்பர் பிடித்துவிட்டான். எனக்கு மூச்சு வருவதற்குள் ஸ்டெல்லா தொடங்கினார்.

"ஏண்ணா அவரை உக்கார வெச்சீங்க? நேத்து ராத்திரியே சொல்லியிருந்தா நாங்க வராமயே இருந்திருப்போம். காலைல எழுந்து ஷூவைத் தொடச்சாரு. ரயில்ல உக்காந்து மறுபடியும் தொடச்சாரு."

"சொல்லத்தான்மா வந்தேன்..."

"பாதாம் பால் வாங்கிக் கொடுத்தீங்களாமே."

அங்கே எனக்கு இன்னொரு சிவப்பு அட்டை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீனா கிழிந்த என் கோட்டை மட்டும் பார்த்தாள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். சமீர் திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தசை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு ஒரே ஒரு ஆளை மாற்றும் வாய்ப்பு மிச்சம் இருந்தது. வலையைச் சுற்றி நின்ற ஆஸ்டின் டவுன் முழுக்கக் கத்தியது. "அருள்! நீ இறங்கு! அருள்!" ரீனா போனைத் தூக்கிவிட்டாள்.

அருள் டிராக் சூட் மேல்சட்டையைக் கழற்றினான். உள்ளே பதினைந்தாம் நம்பர்.

இனி அவனைத் தடுக்க யாரும் இல்லை. மேனேஜரும் அவனே, ஆட்டக்காரனும் அவனே. அவன் இறங்கக் கூடாது என்று முந்தின நாள் முடிவு செய்தவன் நான். அதே நான் வலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "இறங்குடா அருள்! போடா உள்ளே!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். ஏன் என்றால் ஸ்டெல்லா பக்கத்தில் நின்றார். ஏன் என்றால் எனக்கு டீ ஞாபகம் வந்துவிட்டது. தோற்றாலும் பரவாயில்லை, அவன் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தால் போதும் என்று இருந்தது. தம்பிகளா, மேனேஜர் மனதில் இப்படி ஒரு நினைப்பு வந்தால் அவனை உடனே வெளியேற்ற வேண்டும். நல்ல வேளை, என்னை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தார்கள்.

அருள் கோட்டோரமாக வந்து குதித்துப் பார்த்தான். சட்டென்று பக்கவாட்டில் உடம்பைத் திருப்பிப் பார்த்தான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு மிசோ பையனைப் பார்த்தான், அவன் அந்தப் பக்கம் காலை உதறிக்கொண்டு புதிதாக வந்தவன் மாதிரி நின்றான். கடைசியாக வலைப் பக்கம் பார்த்தான். என்னை இல்லை, ரீனாவை.

மேல்சட்டையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

எல்லை வரைக்கும் போய் சமீரைக் கூப்பிட்டான். "ஓடுவியா?"

"ஓடுவேன் அண்ணா. டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க."

சமீரின் காலைத் தன் தோளில் வைத்து அவனே இழுத்து நீட்டிவிட்டான். முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தனை வெளியே எடுத்து, வேகமாக ஓடுகிற இன்னொரு பையனை சமீருக்குத் துணையாக அதே பக்கம் இறக்கினான். நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். அருள் நேராக வலைக்கு வந்தான்.

"தயா."

"இறங்குடா, நான் சொல்றேன்ல!"

"வாயை மூடுறியா? நான் மேனேஜ் பண்ணிட்டிருக்கேன்."

மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை நான் பேசாமல் பார்த்தது அப்போதுதான்.

கடைசியில் மிசோ பையன் மறுபடி வந்தான், அதே பக்கம், அதே கோட்டோரம். புதுப் பையனைத் தாண்டினான். அருள் நிற்கும் இடத்தை நோக்கி வந்தான். அருளின் வலது கால் தரையை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன். எங்கள் ஸ்டாப்பர் ஜாதிக் கால், அதற்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காற்றில் கொஞ்சம் நின்றது. பிறகு கோட்டுக்கு வெளியிலேயே கீழே இறங்கிவிட்டது. அதே நேரம் பின்னாலிருந்து சமீர் ஓடி வந்து பந்தைத் தட்டி வெளியே தள்ளினான். அருளோ நானோ அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் வந்திருக்கவே முடியாது. ரெஃப்ரி விசில் ஊதினார். டிரா. மேல் டிவிஷனில் தங்கினோம்.

எல்லாரும் சமீரைத் தூக்கினார்கள். தலைவர் என்னைத் தூக்கப் பார்த்து, எடை தெரிந்ததும் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அருள் வலைப் பக்கம் வந்தான்.

ரீனாதான் கேட்டாள். "அப்பா, நீங்களே இறங்கியிருக்கலாம்ல? யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்களே."

"இறங்கியிருந்தா அந்தப் பையன் என்னைத் தாண்டிப் போறதை நீ வீடியோ எடுத்திருப்ப" என்றான் அருள். சிரிக்கத்தான் பார்த்தான். கண் மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஸ்டெல்லா வலை வழியாக விரலை நீட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பினான். "நீ எடுத்த முடிவு சரி. நானா இருந்தாலும் அதான் எடுத்திருப்பேன். ஆனா சொன்ன விதம் இருக்கே, கேவலம்டா. ஊர்ல இருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நேத்து நீ சொல்லியிருந்தா ரயில்ல திட்டிக்கிட்டே போய், வீட்ல சொல்லி, சாப்பிட்டுத் தூங்கி, காலைல சரியாயிருப்பேன். இதெல்லாம் ஒரு ராத்திரி வேலை. அந்த ராத்திரியை நீ எனக்குத் தரவே இல்ல."

நான் பேச வாயெடுத்தேன்.

"பேசாதே. டீ வாங்கிக் கொடு."

கிரவுண்டுக்கு எதிரே அந்தக் கடைக்கே போனோம், நாலு பேரும். கிழிந்த கோட்டோடு கிளாஸை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு நீ ஆடலை அருள்" என்றேன். "தெரியும்டா முட்டாள்" என்றான். ரீனா முதல் தடவையாகச் சிரித்தாள். அதை மட்டும் வீடியோ எடுத்தாள்.

அடுத்த சீசனிலிருந்து அருள் என் உதவியாளன். உட்கார வைக்கப்படும் ஆளுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற வேலையை அவனே கேட்டு எடுத்துக்கொண்டான். அவன் செய்வதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். முதல் வாய் குடிப்பதற்குள் சொல்லிவிடுவான். கண்ணைப் பார்த்துச் சொல்வான், காரணத்தையும் ஒரே வரியில் சொல்வான். என்னைப் போல ஆட்கள் செய்ய நினைக்காத ஒன்று அதற்கப்புறம் வரும். எழுந்து போகமாட்டான். எதிரே இருக்கிறவன் திட்டுவான், அழுவான், சில பேர் கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அருள் ரயில் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பான், அந்த ஆள் கிளாஸைக் காலி செய்கிற வரைக்கும். நானும் பேருக்கு ஸ்டாப்பர்தான், ஆனால் சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்றுதான் பார்ப்பேன். அருள் ஸ்டாப்பர். நிற்பான்.

போன சீசனில் ஒரு ஆட்டத்தில் கத்திக்கொண்டே இருந்தவன் அப்படியே தலைவர் நாற்காலியில் சரிந்துவிட்டேன். தலைவர் அதில் இல்லை என்பதால் அது மயக்கம் என்று எல்லாருக்கும் புரிந்தது. பிரஷர். உப்பைக் குறைக்க வேண்டும், கத்துவதைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். உப்பைக் குறைத்தேன்.

சீசன் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டு வாசலில் அருள் நிற்கிறான். லீவு நாளில் கேஜிஎஃப்பிலிருந்து காலை ரயில் பிடித்து வந்திருக்கிறான். சட்டை எல்லாம் தேய்த்துப் போட்டிருக்கிறான்.

"வா, டீ சாப்பிடலாம்" என்றான்.

என் மனைவி சமையலறையிலிருந்து, "உள்ள வாங்க, நானே போட்டுத் தர்றேன்" என்றாள்.

"இல்ல சிஸ்டர். கடையில."

 எத்தனை பேர் இந்த வார்த்தையைக் கேட்டு ஓடியிருக்கிறார்கள், ஓடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் தானாகவே சொன்னது. "இப்பதான் குடிச்சேன்டா."

"இன்னொண்ணு குடி" என்றான்.

அதே கடை. கிளாஸைக் கையில் கொடுத்தான். நான் மேலே பார்த்தேன், அங்கே ஃபேன் இல்லை. கீழே பார்க்கப் போனேன். "இங்க பாரு" என்றான். பார்த்தேன்.

"அடுத்த சீசன் பெஞ்சுல நீ வேணாம் தயா. இன்னொரு தடவை நீ சரிஞ்சா என்னால பாக்க முடியாது. டீமை நான் பாத்துக்கறேன். கிளப் கமிட்டிக்காரங்க தாங்களே சொல்றோம்னாங்க. நான்தான் சொல்வேன்னு சொல்லிட்டு வந்தேன்."

முதல் வாய் குடிப்பதற்குள் சொல்லிவிட்டான். காரணம் ஒரே வரி. நான் திட்டினேன். கேஜிஎஃப்பையும், ரயிலையும், அவன் தேய்த்த சட்டையையும் சேர்த்துத் திட்டினேன். பிறகு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தேன். ஆட்டோ, பஸ், பூக்காரம்மா, கிரவுண்டுக்குப் போகிற பையன்கள். அவன் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தான். டீ ஆறிப்போனது. ஆறின டீயைத்தான் குடித்தேன், துளித் துளியாக, அவன் கொஞ்ச நேரம் கூட இருக்கட்டும் என்று.

ஆகவே இனி உங்கள் மேனேஜர் அருள். என்றைக்காவது பிராக்டீஸ் முடிந்ததும் அவன் உங்கள் தோளில் கை போட்டு டீ சாப்பிடலாம் என்று கூப்பிடுவான். போங்கள். இப்பதான் குடிச்சேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன், அவனிடம் அது நடக்காது.